உச்சந்தலையில் விளக்கெண்ணெய்

என் தலைக்குக் கரண்ட் வைக்கிறார்கள் என்று அடி அண்ணாமலையில் எங்கள் தெரு முழுக்க ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது வெளியாள் யாரும் இல்லை, என் சொந்த அண்ணி வள்ளிதான். கெட்ட எண்ணத்தில் இல்லை. பால் ஊற்றப் போன இடத்தில் யாரோ "அமுதாவுக்கு இன்னா உடம்பு?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணிக்கு எதையும் மறைக்க வராது. "தலையில ஒயரு வெச்சிப் பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். ஒயர் என்றால் கரண்ட், கரண்ட் என்றால் ஷாக். சாயந்திரத்துக்குள் எனக்கு முற்றிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இப்போது நன்றாக இருக்கிறேன். போன வாரம் மருந்துச் சீட்டுக்காக, எனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, மாடியில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நானும் அதே நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அங்கே என்ன செய்வார்கள், எது கஷ்டம், எது ஒன்றுமே இல்லை என்று யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

எனக்கு என்ன ஆனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். திருவண்ணாமலை டவுனில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பௌர்ணமி வந்தால் எங்கள் ஊர் லாட்ஜ்காரர்கள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "ரூம் இல்லைங்க." சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்கு மட்டும் அது வாயில் வராது. "கொஞ்சம் உக்காருங்க, பாக்கறேன்" என்பேன். அந்தப் பௌர்ணமியில் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குச் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தேன். மலை சுற்றி முடித்து, கால் வீங்கி, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் மேசைக்கு முன்னால் வந்து நின்றன. அதில் ஒருவர் கையை ஓங்கி மேசையில் அடித்தார். மேசையில்தான் அடித்தார், என்மேல் இல்லை. ஆனால் அந்தக் கை மேலே போனதுவரைதான் எனக்கு நினைவு. அப்புறம் கண் விழித்தது ஆட்டோவில்.

மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மார்பு இறுகிக் கிடந்தது, இடது கை மரத்துப்போயிருந்தது, மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள், ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, இதயம் அடிப்பதை டி.வி.யில் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இருப்பதில் அதுதான் கொடுமை, மற்றதெல்லாம் தூசு. ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு டாக்டர் "நார்மல்" என்றார். அண்ணன் சேகர் பில்லை வாங்கியதும் நான் பார்ப்பதற்குள் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். என்னிடம் ஒரு தடவைகூட எவ்வளவு என்று சொன்னதில்லை. அந்த வருடம் வேர்க்கடலையை விலை ஏறும்வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே விற்றுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணிக்கு மட்டும் அந்த 'நார்மல்' பிடிக்கவில்லை. "எல்லாம் நார்மல்னா இவ எதுக்கு சார் வுழுந்தா?" என்று டாக்டரிடமே கேட்டார்.

அதற்குப் பதில் அன்று மத்தியானமே கிடைத்தது. வார்டில் யாரோ ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். ணங் என்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் டாக்டர் எதிரில் நிற்கிறார், நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கட்டில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறேன். அவர் அண்ணியை டீ வாங்க அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாராவது அடிச்சாங்களாம்மா?" என்றார். இப்போதா முன்பா என்றுகூடக் கேட்கவில்லை. நான் இல்லை என்று சொல்லப் போய் அழுதுவிட்டேன். "மாடியில ஒரு டாக்டர் இருக்கார், அவரப் பாருங்க" என்று எழுதிக்கொடுத்தார்.

மாடி என்றால் மனநலப் பிரிவு. அண்ணன் முகம் சுருங்கிப்போய்விட்டது. "மாடிக்கா?" என்றார். ஆனால் படியேறும்போது என் கைப்பையை அவர்தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். எதிரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அண்ணன் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு நிற்காமல் ஏறினார். அன்றைக்கு அவர் கொஞ்சம் தயங்கி நின்றிருந்தாலும் நான் திரும்பி வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

என் கல்யாண வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. பதினோரு வருடம் வேறு ஊரில் ஒரு வீட்டில் இருந்தேன். குழந்தை இல்லை. அவருடைய பைக் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலாக இருக்கிறது, இன்றைக்கு வெளியே வேண்டாம் என்று சொன்னால் மூன்று நாள் அந்த வீடு என்னோடு பேசாது. வேறு சில 'வேண்டாம்'களுக்கு அவர் கை என் தலைமுடியை உச்சியில் கொத்தாகப் பிடிக்கும். அதனால் அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன். எதற்கும் சிரித்துக்கொண்டே சரி என்பேன். அங்கிருந்து வெளியேறி அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் நான் லாட்ஜில் விழுந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் உடம்பு அப்படி நினைக்கவில்லை.

மாடி டாக்டர் அதைத்தான் விளக்கினார். வயதானவர், மெதுவாகப் பேசுவார். "ஒரு பஸ் ஆக்சிடென்ட்ல மாட்டினவங்களுக்கு அந்த ஒரு நாள் திரும்பத் திரும்ப கண் முன்னாடி வரும். அது ஒரு வகை. உங்களுக்கு நடந்தது ஒரு நாள் இல்லம்மா. தப்பிச்சிப் போக முடியாத எடத்துல, கூடவே இருக்கிறவர் கையால, வருஷக்கணக்கா நடந்தது. அது பயத்தோட நிக்காது. நம்ம மேலயே நமக்கு ஒரு வெறுப்பு, யாரையும் நம்ப முடியாம, யாருக்கும் மறுப்பு சொல்ல முடியாம, இப்படி வேர் விட்டுப் போயிடும்" என்றார். காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. என்று சீட்டில் எழுதினார். அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு "இதுக்கு மாத்திரை இருக்குதா சார்?" என்றார். "தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது" என்றார் அவர்.

தூக்கமே இல்லாமல் இருந்ததால் கொஞ்ச நாள் படுக்கையில் சேர்த்தார்கள். பகல் போய்விடும், ராத்திரிதான் நகராது. யாராவது அறைக்கு வரும்போதெல்லாம் கதவுத் தாழ்ப்பாள் டக்கென்று அடிக்கும், நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இரண்டாவது நாள் ராத்திரி டியூட்டி நர்ஸ் அதைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைச் சுற்றிக் கட்டுத்துணியை நாலு சுற்று சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேனாம். அண்ணி கீழே பாயில் படுத்தபடி என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் இருக்கும் பசுமாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு வந்திருந்தார். அந்த மாடு அவர் கையைத் தவிர வேறு கைக்குப் பால் கறக்காது. நாங்கள் திரும்பிப் போகும்வரை அண்ணன் வரக்காப்பிதான் குடித்தார்.

அந்த நாட்களில்தான் நஸ்ரின் மேடத்தைப் பார்த்தேன். பேசியே வைத்தியம் பார்க்கிறவர். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். முதல் மூன்று தடவை அவர் கேட்டார், நான் சிரித்தேன். கேள்வி கொஞ்சம் நெருங்கி வந்தால் எனக்குக் காது அடைத்துப்போகும். அவர் வாய் அசைவது தெரியும், ஒன்றும் கேட்காது. "பேச ஆரம்பிச்சாலே உங்க மூளை அபாய மணி அடிச்சிடுதுங்க. மணி அடிக்கிற வீட்ல உக்காந்து பேச முடியாது. முதல்ல அத கொஞ்சம் அடக்கலாம்" என்றார் அவர். நியூரோ ஃபீட்பேக் என்ற பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அது என்னவென்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நம் மூளையில் எந்நேரமும் மிகச் சின்ன மின் அலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பயந்தால் ஒரு மாதிரி ஓடும், அமைதியாக இருந்தால் வேறு மாதிரி. தலையில் இரண்டு மூன்று இடத்தில் பசை வைத்து வெள்ளிப் பொட்டு மாதிரி ஒன்றை ஒட்டுவார்கள், காதில் கிளிப் மாட்டுவார்கள். அதிலிருந்து ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். எதிரே திரையில் ஒரு ஆற்றில் படகு போய்க்கொண்டிருக்கும். மூளை நிதானமாக ஓடினால் படம் பளிச்சென்று இருக்கும், படகு போகும். பதறினால் படம் மங்கும், படகு நிற்கும். நாம் எதுவும் செய்யக் கூடாது, செய்யவும் முடியாது. படகு போவது நன்றாக இருக்கிறது என்று மூளையே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும். சைக்கிள் விழாமல் ஓட்ட யாராவது சொல்லிக் கொடுத்தா கற்றோம்? அந்த மாதிரி. ஒயர் வழியாக உள்ளே எதுவும் வராது. நம்மிடமிருந்துதான் அங்கே போகும். கரண்ட் கிடையாது, ஷாக் கிடையாது, வலி கிடையாது. இது எல்லாருக்கும் கேட்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. "இதுவும் பேச்சும் ஒண்ணா போகணும். ஒண்ண வுட்டு ஒண்ணு பிரயோஜனம் இல்ல" என்றார்.

அந்த அறையில் மிஷினைப் பார்க்கிற பெண் கோகிலா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். முதல் நாள் பசையைக் கையில் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்படியே நிற்கிறாள்.

"தலையத் தொடட்டுங்களாக்கா?" என்றாள்.

என் தலையைத் தொடலாமா என்று என் ஆயுளில் யாரும் கேட்டதில்லை. சரி என்று சொல்லத்தான் எனக்கு எப்போதும் தெரியும், அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தச் சரி வேறு. வார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு போனேன்.

படுக்கையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் இரண்டு தடவை வரவேண்டும், தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரவேண்டும் என்று கோகிலா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பசை பிடிக்க வேண்டுமே.

இங்கேதான் அண்ணி வருகிறார். தலைக்கு ஒயர் வைத்தால் தலை சூடாகும் என்பது அவர் கணக்கு. மோட்டார் ஓடினால் சூடாகிறது, மிக்ஸி ஓடினால் சூடாகிறது, இவள் தலை மட்டும் சூடாகாதா? சூட்டுக்கு விளக்கெண்ணெயைப் போல மருந்து இல்லை. முதல் நாள் ராத்திரி ஒரு கை, போகிற அன்று காலை குளித்து முடித்து வந்ததும் இன்னொரு கை. கிண்ணத்தில் ஊற்றி, அடுப்பில் காட்டி, வெதுவெதுப்பாக எடுத்து வந்து உச்சந்தலையில் வைத்துப் பட்பட்டென்று தட்டுவார். "கண்ணு, கரண்டு வெக்கிற தலைம்மா இது. குளிர்ச்சி ஜாஸ்தி வோணும்" என்பார்.

எண்ணெய் கூடாது என்று அவரிடம் சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். என்னால் சொல்ல முடியவில்லை. என்னை உட்காரவைத்துச் சோறு போடுகிற வீடு அது. ராத்திரியெல்லாம் என் மூச்சை எண்ணிய மனுஷி. அவரிடம் வேண்டாம் என்று சொன்னால் அன்றோடு எல்லாம் முடிந்துவிடும், பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிடுவார் என்று மனசு அடித்துச் சொல்லியது. சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? அப்போது எனக்குக் கொஞ்சமும் சிரிப்பாக இல்லை. இன்னொன்றும் உண்டு. அவர் உள்ளங்கை விழுந்த இடம் அதே உச்சிதான். அன்பான கை என்று எனக்குத் தெரியும், என் முதுகுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே கல்லாக இறுகிக்கொண்டு வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, மருத்துவமனை எதிரில் உள்ள பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கிக்கொண்டு போய், அங்கே பெண்கள் கழிவறைக் குழாயில் தலையைக் குனிந்து அலசுவேன். விளக்கெண்ணெய் அவ்வளவு சுலபத்தில் போகிற ஜாதியா? ஒரு பாக்கெட்டுக்கு மசியாது, மூன்று பாக்கெட்டுக்கும் மசியாது. சொட்டச் சொட்ட ஈரத் தலையோடு போய் நாற்காலியில் உட்காருவேன். காத்திருப்பு அறையில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி உட்காருவார்கள். பைத்தியம் முற்றிய கேஸ் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

பாவம் கோகிலா. பசை வழுக்கும், பொட்டு நழுவும், திரையில் சிவப்பு விளக்கு எரியும். ஒயரை மாற்றினாள், பசையை மாற்றினாள், நாற்காலியை மாற்றினாள். மேலிடத்துக்கு மிஷின் ரிப்பேர் என்று எழுதிப்போடலாமா என்றுகூட யோசித்திருக்கிறாள். படகு நடு ஆற்றில் நின்றது நின்றபடியே இருந்தது. எனக்கு இந்த வைத்தியமும் கேட்காது போலிருக்கிறது என்று நான் நம்பவே ஆரம்பித்துவிட்டேன். காரணம் என் தலையில்தான் வழிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வெயிலில் நடந்து போனதில் நெற்றியில் ஒரு கோடாக எண்ணெய் இறங்கிவிட்டது.

"அக்கா, தலைக்கு எண்ண வெச்சீங்களா?"

"இல்லியேம்மா" என்றேன், மூக்கு நுனியில் சொட்டு நிற்க.

கோகிலா குனிந்து மோந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, வெளக்கெண்ணங்கக்கா இது!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் கையில் இருந்த பசையைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்து நீட்டினாள். "ஒண்ணும் இல்லக்கா. தொடச்சிக்கோங்க. மேடத்தக் கூப்புடட்டுமா?"

நஸ்ரின் மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஷாம்பு பாக்கெட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் திட்டுவார் என்று. இரண்டும் இல்லை.

"அண்ணி ஆசையா வெக்கிறாங்க. சரி. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. "பயமா இருக்கு" என்றேன். அப்புறம் தலைமுடியைப் பற்றிச் சொன்னேன், அந்தக் கொத்துப் பிடியைப் பற்றி. அத்தனை நாளும் அவர் கேட்டுக் கேட்டு வராத பேச்சு, விளக்கெண்ணெய் வழியாக வந்தது. காது அடைக்கவில்லை. அடைக்கப் பார்த்தது, பாதியில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து கோகிலாவே ஒரு நல்ல ஷாம்பு வாங்கி வைத்துவிட்டாள். மருத்துவமனையிலேயே வெந்நீரில் அலசி, ஃபேன் அடியில் காயவைத்துவிட்டு உட்காருவேன். மூன்றாவது தடவை படகு நகர்ந்தது. ஒரு திருப்பம் வரைக்கும் போய் நின்றது. எனக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. "சூப்பருக்கா!" என்று கத்தினாள் கோகிலா. கொட்டாவி விட்டதற்காக என்னை யாராவது பாராட்டியது அதுதான் முதல் தடவை. படகு முடிந்ததும் பக்கத்து அறையில் மேடத்தோடு பேச்சு. அந்த நிதானம் கலைவதற்குள் பேசவேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.

நடுவில் சறுக்கியதையும் சொல்லவேண்டும். பேச ஆரம்பித்ததும் தூக்கம் மறுபடி கெட்டது. கனவில் பைக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இனிமேல் வரவில்லை என்று மேடத்திடம் சொல்லிவிடும்படி அண்ணனிடம் சொன்னேன். மேடம் போனில் என்னையே கூப்பிட்டு, "வேகமாப் போயிட்டோம், என் தப்பு. கம்மியாப் பேசலாம், படகு மட்டும் ஓட்டலாம், வாங்க" என்றார். ஒரு படித்தவர் என்னிடம் என் தப்பு என்று சொன்னது எனக்கு மாத்திரையைவிட வேலை செய்தது. அப்படிச் சறுக்கினால் விட்டுவிடாதீர்கள், சொல்லுங்கள், அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள்.

ஒருநாள் மேடம் வழக்கம்போல டீ வரவழைத்தார். "இன்னிக்கு ஒரு பயிற்சி. இந்த டீ வேணாம்னு எங்கிட்ட சொல்லுங்க."

நான் கோப்பையைப் பார்த்தேன். "வேணாம் மேடம்" என்றேன், எறும்புக் குரலில்.

"சரிங்க" என்று அவர் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "எப்படி இருந்துச்சி?"

"மேடம், எனக்கு நெஜமாவே டீ புடிக்காது. காப்பிதான்."

"இத்தன மாசமா குடிச்சீங்களே!"

"குடுத்தீங்களே" என்றேன். அவர் மேசையில் தலை வைத்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் நான் சிரித்த முதல் நிஜமான சிரிப்பு அது.

அதன் பிறகு பெரியது மிச்சம் இருந்தது. அதை வீட்டில்தான் சொல்லவேண்டும். மேடம் அவசரப்படுத்தவில்லை. நானாகத்தான் ஒரு காலையில், குளித்துவிட்டு வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணி அடுப்படியிலிருந்து கிண்ணத்தோடு வந்தார். வெதுவெதுப்பான எண்ணெய் வாசனை. நான் வழக்கமாக உட்காரும் மணையைப் பார்த்தேன். உட்காரவில்லை.

"அண்ணி."

"இன்னாம்மா, உக்காரு."

"அண்ணி, வேணாம்."

அவர் கை அப்படியே நின்றது. "இன்னா வேணாம்?"

"எண்ண வேணாம் அண்ணி. அங்க பசை புடிக்க மாட்டேங்குது. அப்புறம்... உச்சியில கை வெச்சா எனக்கு பழசெல்லாம் வருது. உங்க கை இல்ல அண்ணி. அது வேற கை. ஆனா வருது."

அண்ணி என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் பெட்டி கட்டி, பஸ் ஏறி, போக இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரை போய்விட்டேன். வாசலில் மாடு கத்தியது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அண்ணி. அப்புறம் கீழே உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, அந்த எண்ணெயைத் தன் முட்டியில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். "சுட வெச்சது வீணாப் போவக்கூடாது. ரெண்டு நாளா முட்டி நோவுது எனக்கு. நீ இட்லி ஆறதுக்குள்ள துன்னு."

அவ்வளவுதான். பதினோரு வருடமும் அதற்கு மேல் மூன்று வருடமும் நான் பயந்துகொண்டிருந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன், அதற்கு எனக்கு வந்தது இட்லி. நான் தின்னவும் இல்லை, நகரவும் இல்லை. அண்ணி நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "அந்தப் பாவி தலையிலயா அடிச்சான்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த தடவை என்னோடு தானும் மருத்துவமனைக்கு வந்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். கோகிலா எனக்குப் பொட்டு ஒட்டுவதைப் பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தார்.

"ஏம்மா, அப்ப கரண்டு உள்ள போவலியா?"

"இல்லீங்கம்மா. அக்கா தலையில இருந்துதான் இங்க வருது. ரொம்ப ரொம்பக் கம்மி."

அண்ணி ஒயர் போகிற வழியைப் பெட்டிவரை கண்ணால் தொடர்ந்தார். "நம்ம தலை கரண்டுதான் உங்க பொட்டிக்கு வருதுன்னா, பில்லு எதுக்கு நாங்க கட்றோம்? நீங்கதான எங்களுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டார். கோகிலா சிரித்த சிரிப்பில் நஸ்ரின் மேடம் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சிரித்ததில் தலை ஆடிப் பொட்டு நழுவிவிட்டது. அண்ணி ஊருக்குத் திரும்பியதும் பால் ஊற்றுகிற இடத்தில் நின்று, கரண்டும் இல்லை ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் தீர்த்தார். கிளப்பியதும் அவர்தான், அணைத்ததும் அவர்தான்.

பல மாதம் போனது. இப்போது ஒயர் வைத்தியம் முடிந்துவிட்டது, மேடத்தை மாதம் ஒரு தடவை பார்க்கிறேன், மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. பைக் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறேன். லாட்ஜ் முதலாளி என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். திரும்பிப் போன முதல் பௌர்ணமியில் எதிரே வந்து நின்ற முதல் ஆளிடம் "ரூம் இல்லைங்க" என்றேன். அவர் "சரிம்மா" என்று போய்விட்டார். அதற்கப்புறம் அன்று முழுக்கச் சொன்னேன். சாயந்திரம் முதலாளி வந்து, "அமுதா, ரெண்டு ரூம் காலியா இருக்குது, அதையும் இல்லன்னுட்டியா?" என்று கேட்கிற அளவுக்குச் சொல்லியிருந்தேன்.

என்னைச் சுமந்தவர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? பில்லை மடித்த கை, தாழ்ப்பாளில் துணி சுற்றிய கை, தொடட்டுமா என்று கேட்டு நின்ற கை. இன்னொரு கையை மட்டும் வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தேனே என்று போன வெள்ளிக்கிழமை தோன்றியது. தலைக்குக் குளிக்கவேண்டிய நாள். உடம்பைக் கேட்டுப் பார்த்தேன், சரி என்றது. நானே கிண்ணத்தில் விளக்கெண்ணெய் ஊற்றி, அடுப்பில் காட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அண்ணி கால் நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, தலைக்கு வெச்சி வுடறீங்களா?"

அண்ணி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப முடியாது போ. நாளிக்கு வெக்கிறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சீரியல் பார்த்தேன்.